மதர்போர்டு செய்யும் நிறுவனங்களுக்கு: லேன் கணக்கை வாங்குவதற்கு முன்பே காட்டுங்கள்

வணக்கம்.

தைவானில் இருந்து உலகம் முழுவதற்கும் மதர்போர்டு செய்து அனுப்பும் உங்களுக்குச் சென்னையிலிருந்து இதை எழுதுகிறேன். என் தொழில் வேறு. ஆனால் பதினைந்து ஆண்டுகளாக நண்பர்களுக்கும் அவர்களுடைய நண்பர்களுக்கும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்து வருகிறேன். ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி வந்து, வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து பூட்டுவது எனக்குப் பிடித்த வேலை. உங்கள் போர்டுகள் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. அவற்றின் உழைப்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மின்சாரம் நினைத்த நேரத்தில் போய் வரும் ஊரில், எட்டு வருடம் அசையாமல் ஓடிய போர்டைப் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. கார்டும் எஸ்எஸ்டியும் செருகும் ஸ்லாட் ஒரு போர்டில் எத்தனை இருக்கிறது என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். அவற்றில் எவை எவை ஒரே நேரத்தில் வேலை செய்யும் என்பது மட்டும் பணம் கொடுத்து, பெட்டியைப் பிரித்து, எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிய வருகிறது. ஸ்லாட்டுகளுக்குத் தரவு போய்வரும் பாதைகளைத்தான் லேன் என்கிறோம்; அவை எண்ணி வைத்தவை, சிக்கல் அங்கேதான்.

நடந்ததையே சொல்கிறேன். எந்த நிறுவனத்தின் போர்டு என்பது இங்கே தேவையில்லை. எவருடைய போர்டிலும் நடக்கக்கூடியதுதான்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவர் போன ஆண்டு புது கம்ப்யூட்டர் கேட்டார். மூன்று கேமராவில் எடுத்த 4கே காட்சிகள், ஒரு கல்யாணத்துக்கு ஒரு டெராபைட்டுக்கு மேல் வரும். பழைய மெஷினில் இருந்த கிராபிக்ஸ் கார்டு நல்ல கார்டுதான், கார்டுகளைப் போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையில் 4.0 தலைமுறை; அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகை எஸ்எஸ்டி நான்கு வேண்டும்: விண்டோஸுக்கு ஒன்று, நடக்கும் வேலைக்கு ஒன்று, தற்காலிகக் கோப்புகளுக்கு (கேஷ்) ஒன்று, முடிந்த வேலைகளை வாடிக்கையாளர் பென்டிரைவ் கேட்டு வரும்வரை வைத்திருக்க ஒன்று. அப்புறம் அடுத்த அறையில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியோடு இணைக்க 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு ஒன்று. அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம், ஏதோ ஒரு டேட்டா சென்டரிலிருந்து கழற்றி வந்த சர்வர் கார்டு.

இதற்கெல்லாம் இடம் வேண்டும் என்றுதான் எக்ஸ்870இ சிப்செட் (ப்ராசஸரோடு மற்ற பாகங்களை இணைக்கும் துணைச் சில்லு) உள்ள போர்டைத் தேர்ந்தெடுத்தேன். விலை 55,000 ரூபாய். ஐந்து எம்.2 ஸ்லாட், கார்டுகளுக்கு முழு நீள பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐஇ) ஸ்லாட் இரண்டு. எண்ணிப் பார்த்தால் தாராளமாகப் போதும். கிராபிக்ஸ் கார்டு மேல் ஸ்லாட்டில், நெட்வொர்க் கார்டு கீழ் ஸ்லாட்டில், நான்கு எஸ்எஸ்டி போட்ட பிறகும் ஒரு எம்.2 மிச்சம். எந்த எஸ்எஸ்டியை எங்கே போடுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. கைக்கு எட்டிய ஸ்லாட்டில் போட்டேன்: ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. மூன்றாவது ஸ்லாட் கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே இருந்தது. சூடு ஏறும் என்று காலியாக விட்டேன்.

மெஷின் உடனே எழுந்தது. நெட்வொர்க் கார்டு மட்டும் இல்லை. டிவைஸ் மேனேஜரில் பெயரே இல்லை. கழற்றி மாட்டினேன். தங்க முனைகளை அழிப்பானால் துடைத்தேன். போர்டை எழுப்பும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தேன். லினக்ஸ் போட்ட பென்டிரைவில் ஏற்றிப் பார்த்தேன். விடிகாலை மூன்று மணிக்கு, கார்டு செத்த கார்டு என்று முடிவு செய்தேன். மறுநாள் கடைக்குப் போய், செத்த கார்டை விற்றுவிட்டீர்கள் என்று கடைக்காரரிடம் குரலை உயர்த்தினேன். அவர் பதில் பேசவில்லை. தன் மேசையில் இருந்த பத்து வருடப் பழைய போர்டில் கார்டைச் செருகி, கேபிளை மாட்டி, பச்சை விளக்கு எரிவதைக் காட்டினார். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பதில் உங்கள் மேனுவலில் இருந்தது. பெட்டிக்குள் வந்த சிறு கையேட்டில் இல்லை. இணையத்தில் இருந்து இறக்கிய முழு மேனுவலில், ஒரு பட்டியலுக்கு அடியில், பட்டியலின் எழுத்தைவிடச் சிறிய எழுத்தில், நட்சத்திரக் குறி போட்டு ஒரு வரி: ஐந்தாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி இருந்தால் கீழ் பிசிஐஇ ஸ்லாட் அணைக்கப்படும். அதற்கு மேலே இன்னொரு வரி: இரண்டாவது அல்லது மூன்றாவது எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் மேல் ஸ்லாட் 8 லேனில் ஓடும். கிராபிக்ஸ் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டு 16 லேனுக்குப் பதில் 8 லேனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் கார்டின் குறையாவது கண்ணுக்குத் தெரிந்தது. இதை நான் தேடிப் போயிருக்காவிட்டால் எப்போதுமே தெரிந்திருக்காது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிசிஐ காலத்தில், 1992-இல் வந்த அந்த முறையில், எல்லா ஸ்லாட்டுக்கும் ஒரே வழி. நொடிக்கு 133 மெகாபைட், அதை எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். 2003-இல் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் அதை மாற்றியது. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி வழி. அந்த வழியின் ஓர் இழைதான் லேன். முதல் தலைமுறையில் ஒரு லேனில் ஒரு திசையில் நொடிக்கு 250 மெகாபைட் போகும், இன்றைய 5.0-இல் கிட்டத்தட்ட 3.9 கிகாபைட். கிராபிக்ஸ் கார்டுக்கு 16 லேன், எம்.2 எஸ்எஸ்டிக்கு 4 லேன் என்பது வழக்கம்.

லேன்கள் ப்ராசஸரிலிருந்து வருகின்றன. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் உட்காரும் ரைசன் 9000 வரிசை ப்ராசஸருக்கு மொத்தம் 28. அதில் 4 சிப்செட்டோடு பேசப் போய்விடும். மிச்சம் 24: மேல் ஸ்லாட்டுக்கு 16, முதல் எம்.2-க்கு 4, இன்னும் ஒரு 4. எக்ஸ்870இ போர்டில் அதிவேக யுஎஸ்பி இணைப்பான யுஎஸ்பி4 கட்டாயம் என்பதால் அந்தக் கடைசி நான்கு பெரும்பாலும் அதற்கே போகிறது. ஆக, ப்ராசஸரின் கையில் இனி ஒன்றும் இல்லை. மற்ற எல்லாம் சிப்செட் வழியாகத்தான். எக்ஸ்870இ என்பது ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த இரண்டு சில்லுகள், அவை 4.0 லேன் 12, 3.0 லேன் 8 தருகின்றன. 24, 12, 8, கூட்டினால் 44. விளம்பரத்தில் வருவது இந்த 44. ஆனால் சிப்செட்டின் அந்த 20 லேனும் ப்ராசஸரை அடைய இருப்பது நான்கே நான்கு 4.0 லேன், நொடிக்கு 8 கிகாபைட்டுக்கும் சற்றுக் குறைவு. வேகமான 4.0 எஸ்எஸ்டி ஒன்று தனியாகவே நொடிக்கு 7 கிகாபைட் இழுக்கும்.

எங்கள் ஊர் ஆட்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால், வாய்க்காலில் பத்து மடை. மடைகளின் அகலத்தைக் கூட்டி, இவ்வளவு தண்ணீர் பாயும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாய்க்காலின் அகலம் என்ன, கடைமடைக்கு எவ்வளவு வரும் என்றுதான் கேட்பார்கள்.

இனி, என்னை மிகவும் வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மேனுவல்களில் "பகிர்கிறது" என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது. இந்த ஸ்லாட் அந்த ஸ்லாட்டோடு பேண்ட்வித்தைப் பகிர்கிறது என்று எழுதுகிறீர்கள். அந்த ஒரே சொல் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நிலைமைகளைக் குறிக்கிறது.

சிப்செட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு எஸ்எஸ்டிகள் பகிர்வது முறைப்பாசனம் போன்றது. இவன் பாய்ச்சும்போது அவன் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் முழு வேகம் கேட்டால் ஒழிய யாருக்கும் நஷ்டமில்லை. இதை நான் குறையாகவே சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, பாதியாக்குவது. எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி உட்கார்ந்ததும் மேல் ஸ்லாட்டின் 16 லேன் 8 ஆகிவிடும். அந்த எஸ்எஸ்டி வேலை செய்கிறதா, சும்மா இருக்கிறதா என்பது பொருட்டே இல்லை. செருகி இருந்தாலே போதும், கம்ப்யூட்டர் ஓடும் நேரம் முழுவதும் எட்டுதான். அதிலும் ஒரு வேதனை. எஸ்எஸ்டி எடுத்துக்கொள்வது 4 லேன். ஸ்லாட் இழப்பது 8. இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் அந்த 16 லேனை 8, 8 என்று மட்டுமே பிரிக்க முடியும். அதனால் இசட்690, இசட்790 போர்டுகளில் 5.0 எஸ்எஸ்டி ஒன்றுக்காக எட்டைக் கொடுத்தால் மிச்ச நான்கு யாருக்கும் பயனில்லாமல் கிடக்கும். ஏஎம்டியில் 8, 4, 4 என்று பிரிக்கலாம். அதனால் எங்கள் போர்டில் இரண்டாவது எம்.2-ஐப் பயன்படுத்திய பிறகு மூன்றாவது எம்.2 இலவசம். அதற்கான விலை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. நான் அதைக் காலியாக விட்டுவிட்டு ஐந்தாவதில் போட்டு, நெட்வொர்க் கார்டைச் சாகடித்திருக்கிறேன். இந்த ஒரு வரியை உங்கள் மேனுவல் எங்கேயும் சொல்லவில்லை. இரண்டு அடிக்குறிப்புகளையும் சேர்த்து வைத்து, நானாக யோசித்துக் கண்டுபிடித்தேன்.

மூன்றாவது, மடையை ஒரேயடியாக அடைப்பது. ஐந்தாவது எம்.2-உம் கீழ் ஸ்லாட்டும் ஒரே நான்கு லேனுக்குப் போட்டி போடுகின்றன. ரயில் பாதையில் பாயிண்ட் மாற்றுவது போல, நடுவில் இருக்கும் ஒரு சிறு சில்லு அந்த நான்கையும் ஒரு பக்கம் திருப்பிவிடுகிறது. மறுபக்கம் இருப்பது வெறும் பிளாஸ்டிக். இதைப் பகிர்வு என்று சொல்வது தமிழிலும் தவறு, எந்த மொழியிலும் தவறு. ஒரு வீட்டை இருவருக்கு விற்பதைப் பகிர்வு என்று யாராவது சொல்வார்களா?

இப்போது என் நண்பரின் போர்டைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு 16 லேன் முழுதாக வேண்டும், கீழ் ஸ்லாட்டும் வேண்டும் என்றால் இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது எம்.2-ஐத் தொட முடியாது. மிச்சம் இரண்டு. பெட்டியில் ஐந்து என்று போட்டிருந்தது. எதையும் இழக்காமல் பயன்படுத்தக்கூடியவை இரண்டு. அந்த இரண்டு என்ற எண் பெட்டியில் இல்லை, தயாரிப்புப் பக்கத்தில் இல்லை, கடைக்காரருக்கும் தெரியாது.

8 லேனில் ஓடினால் என்ன குடியா முழுகிவிடும் என்று உங்கள் ஆட்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விளையாட்டுகளில் வித்தியாசம் பெரும்பாலும் மிகக் குறைவு. 5.0 கிராபிக்ஸ் கார்டு 8 லேனில் ஓடினாலும், 4.0 கார்டு 16 லேனில் பெறும் அதே வேகம் கிடைக்கும். ஆனால் வேகத்தை முடிவு செய்வது கார்டு, ஸ்லாட் என்ற இரண்டு பக்கத்தில் மெதுவான பக்கம். நண்பரிடம் இருப்பது 4.0 கார்டு. எட்டு லேன் என்றால் அதற்கு நொடிக்கு 16 கிகாபைட்டுக்கும் குறைவுதான், ஸ்லாட் 5.0 என்பதால் ஒரு துளியும் கூடாது. காட்சிகளை மெமரியிலிருந்து கார்டுக்கும் கார்டிலிருந்து மெமரிக்கும் ஓயாமல் தள்ளும் வேலையில், கார்டின் மெமரியில் கொள்ளாத பெரிய ஏஐ மாடல்களை ஓட்டும் வேலையில், அந்தப் பாதை முக்கியம். அதற்காகத்தான் மக்கள் மேல்தட்டுப் போர்டு வாங்குகிறார்கள். விளையாட மட்டும் என்றால் பாதி விலையில் வேறு போர்டு இருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் கார்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்களைப் போன்றவர்களின் பாதி உலகம் அதுதான். டேட்டா சென்டர்களிலிருந்து கழித்துவிடும் நெட்வொர்க் கார்டுகள், ஸ்டோரேஜ் கார்டுகள் பெரும்பாலும் 2.0 அல்லது 3.0 தலைமுறை, எட்டு லேன் அகலம். இன்டெல்லின் எக்ஸ்520 நெட்வொர்க் கார்டு 2.0 தலைமுறை. அதை 4 லேன் உள்ள ஸ்லாட்டில் போட்டால் நொடிக்கு 2 கிகாபைட் கிடைக்கும். 10 கிகாபிட் இணைப்பு ஒன்றுக்குத் தேவை 1.25 கிகாபைட், ஆகவே போதும். ஒரே ஒரு லேன் உள்ள ஸ்லாட்டில் போட்டால் அரை கிகாபைட்தான். அந்த ஸ்லாட் 4.0, ஒரு லேனிலேயே கிட்டத்தட்ட 2 கிகாபைட் போகும் என்று நீங்கள் எழுதியிருப்பது புது கார்டுக்கு உண்மை, இந்தக் கார்டுக்கு இல்லை. தலைமுறை ஏற ஏற லேன் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு, பழைய கார்டு வைத்திருப்பவனை வெளியே தள்ளுகிறது. அதனால்தான் முழு நீள ஸ்லாட்டுக்குள் எத்தனை லேன் உண்மையில் கம்பி போட்டிருக்கிறது என்பது எங்களுக்கு அவ்வளவு முக்கியம். நீளத்தைப் பார்த்து 16 என்று நினைத்து வாங்குகிறவர்கள் இன்னும் ஏராளம்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. சாதாரணப் போர்டுக்கும் சர்வருக்கும் நடுவில் ஒரு தட்டு இருந்தது. 2011-இல் வந்த இன்டெல்லின் எக்ஸ்79 போர்டு அந்த வகை, அதில் ப்ராசஸரிலிருந்தே 40 லேன். 2014-இல் எக்ஸ்99 வந்தபோது வரிசையிலேயே மலிவான 5820கே ப்ராசஸருக்கு 28 லேன்தான், மேலே இருந்த இரண்டுக்கும் 40. அந்த 28-க்கே அன்று பலர் கோபப்பட்டார்கள்; அதன் விலை 390 டாலர் அளவில்தான் இருந்தது. 2017-இல் ஏஎம்டி தன் பங்குக்கு த்ரெட்ரிப்பர் ப்ராசஸர்களை இறக்கியபோது, 549 டாலர் விலையில் வந்த 1900எக்ஸ்-உக்கும் 64 லேன். அதே 2017-இல் இன்டெல் எக்ஸ்299 போர்டில் மூன்று விதமான ப்ராசஸர்கள் உட்காரலாம் என்று வைத்தது: ஒன்றுக்கு 16 லேன், ஒன்றுக்கு 28, ஒன்றுக்கு 44. பதினாறு லேன் ப்ராசஸரைப் போட்டவர்களுக்குப் பல ஸ்லாட்டுகளும் பாதி மெமரி ஸ்லாட்டுகளும் வேலை செய்யவில்லை. மூன்று ப்ராசஸருக்கும் தனித்தனியாக மேனுவலில் அட்டவணை போட வேண்டிய நிலைமை உங்களுக்கு. அந்தத் தலைவலி உங்களுக்கு மறந்திருக்காது.

இன்று அந்த நடுத்தட்டே இல்லை. த்ரெட்ரிப்பர் 2023-இல் திரும்பி வந்தபோது வரிசையின் தொடக்கமான 7960எக்ஸ்-இன் விலை 1,499 டாலர். போர்டு, மெமரி எல்லாம் அதற்கு ஏற்றபடி. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவருக்கு அது எட்டாது. அதனால் அவரைப் போன்றவர்கள் எல்லோரும் சாதாரண சாக்கெட்டின் மேல்தட்டுப் போர்டுக்கு வந்து நிற்கிறார்கள். நீங்களும் அவர்களை நினைத்துத்தான் ஐந்து எம்.2, இரண்டு ஸ்லாட், யுஎஸ்பி4 என்று அடுக்குகிறீர்கள். ப்ராசஸர் தருவது அதே 24 லேன்.

உங்கள் கையில் எல்லாம் இல்லை என்பது எனக்குத் தெரியும். லேன் எண்ணிக்கையை முடிவு செய்வது ஏஎம்டியும் இன்டெல்லும். ஒரு காலத்தில் பிஎல்எக்ஸ் நிறுவனத்தின் சுவிட்ச் சில்லைப் போட்டு 16 லேனை 32 லேனாக விரித்துக் கொடுத்தீர்கள். இசட்77, இசட்87 காலத்துப் பெரிய போர்டுகளில் அது இருந்தது. 2014-இல் அவாகோ அந்த நிறுவனத்தை வாங்கிய பிறகு விலை ஏறி, மேசைக் கணினிப் போர்டுகளிலிருந்து அது கிட்டத்தட்ட மறைந்தே போனது. 5.0 வேகத்தில் சிக்னல் நீண்ட தூரம் தாங்காது, கீழ் ஸ்லாட் வரை கொண்டுபோக வேண்டுமானால் சிக்னலைச் சீராக்கி அனுப்பும் ரீடைமர் சில்லு வேண்டும், போர்டில் அடுக்குகள் கூட வேண்டும். எல்லாம் செலவு. இல்லாத லேனை உருவாக்கித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. சரி, 24-ஐ வைத்துக்கொண்டு சமாளிக்கிறீர்கள். எப்படிச் சமாளித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

அதைச் சொல்ல ஒரு படம் போதும். ப்ராசஸர் ஒரு கட்டம், சிப்செட் ஒரு கட்டம், ஸ்லாட்டுகள் தனித்தனிக் கட்டங்கள், நடுவில் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் மேலும் தலைமுறையும் லேன் எண்ணிக்கையும். பாயிண்ட் மாற்றும் இடத்தில் ஒரு முக்கோணம். சூப்பர்மைக்ரோ தன் சர்வர் போர்டுகளின் மேனுவலில் இப்படிப் படம் போடுவது நெடுநாள் வழக்கம். உங்களிலும் சிலர் சில மேனுவல்களில் போடுகிறீர்கள். வடிவமைத்தவர் மேசையில் அந்தப் படம் எப்படியும் இருக்கத்தான் செய்யும், அது இல்லாமல் போர்டே பிறந்திருக்காது. அதைத் தயாரிப்புப் பக்கத்தில் வையுங்கள். ஹீட்சிங்க்கின் அழகைக் காட்டும் பெரிய படங்களுக்கு நடுவில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள். வாங்குகிறவன் மேனுவலை இறக்கி, நாற்பது பக்கம் புரட்டி, நட்சத்திரக் குறி தேட வேண்டிய நிலைமை இருக்கக் கூடாது.

படத்துக்குக் கீழே ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: மேல் ஸ்லாட் 16 லேனிலும் மற்ற ஸ்லாட்டுகள் எல்லாம் உயிரோடும் இருக்கும்போது எத்தனை எம்.2 பயன்படுத்தலாம். எங்கள் போர்டுக்கு அந்த விடை இரண்டு. இரண்டு என்று எழுதினால் விற்பனை குறையும் என்று உங்கள் விளம்பரப் பிரிவு பயப்படலாம். எல்லாரும் எழுதினால் யாருக்கும் குறையாது. அப்புறம் ஒருவர் மூன்று என்று எழுதக்கூடிய போர்டைச் செய்வார். அந்தப் போட்டிதான் எங்களுக்கு வேண்டும். இன்றைக்கு இருக்கும் போட்டி, யார் அதிகம் எம்.2 ஸ்லாட் ஒட்டுகிறார் என்பதில் இருக்கிறது.

எந்த ப்ராசஸர் என்பதையும் அந்தப் படத்தில் சேருங்கள். அதே ஏஎம்5 சாக்கெட்டில் 8700ஜி போட்டால் மேல் ஸ்லாட்டுக்கு 4.0 லேன் எட்டுதான், 8500ஜி போட்டால் நான்குதான். பட்ஜெட் கருதி முதலில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் இந்த ஜி வரிசை ப்ராசஸரைப் போட்டு, பிறகு கிராபிக்ஸ் கார்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிற பையன்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறது. நீங்கள் சொன்னால் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

பயாஸ் உங்கள் கையில் முழுதாக இருக்கிறது. இரண்டாவது எம்.2-இல் எஸ்எஸ்டி உட்கார்ந்ததும் மேல் ஸ்லாட்டை எட்டாக்குவது அந்த பயாஸ்தான், அதற்குத் தெரியாமல் ஒன்றும் நடப்பதில்லை. தெரிந்ததைத் திரையில் ஒரு வரியாகச் சொல்லட்டும்: கீழ் ஸ்லாட்டில் கார்டு இருந்தாலும் அது அணைந்திருக்கிறது, காரணம் ஐந்தாவது எம்.2. மெமரி மாற்றினால், ப்ராசஸர் மாற்றினால் எழுந்ததும் நிறுத்திச் சொல்கிறீர்களே, அதைப் போல. அந்த ஒரு வரி வந்திருந்தால் நான் விடியும்வரை உட்கார்ந்திருக்க மாட்டேன், ஒரு நல்ல மனிதரிடம் அவர் கடையிலேயே கத்தியிருக்க மாட்டேன். ஸ்லாட் அணைவதா, எம்.2 அணைவதா என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் அங்கேயே இருக்கட்டும். சில போர்டுகளில் ஏற்கெனவே இருக்கிறது. போர்டின் மேல் எழுத்தும் அச்சிடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில், ஆடியோவுக்குப் பக்கத்தில் பெயர்களும் சின்னங்களும் போட இடம் இருக்கிறது. இரண்டாவது எம்.2-க்குப் பக்கத்தில், இது மேல் ஸ்லாட்டின் எட்டை எடுக்கும் என்று சின்னதாக ஒரு குறி போடவும் இடம் இருக்கும்.

மேனுவலை எழுதுகிற சகோதர சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அந்த மூன்றுக்கும் மூன்று சொல் வையுங்கள். முறைபோட்டு ஓடுவதற்கு ஒன்று, பாதியாவதற்கு ஒன்று, அணைவதற்கு ஒன்று. எந்த மொழியில் எழுதினாலும் அது முடியும்.

நண்பரின் மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது. ஐந்தாவதில் இருந்த எஸ்எஸ்டியை மூன்றாவதுக்கு மாற்றினேன், கீழ் ஸ்லாட் உயிர் பெற்றது, பக்கத்து அறை ஸ்டோரேஜிலிருந்து காட்சிகள் தடையில்லாமல் வருகின்றன. கிராபிக்ஸ் கார்டு 8 லேனில்தான் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகே விட்டேன். கேபினட்டின் பக்கக் கதவுக்கு உள்பக்கம், நான் கையால் வரைந்த லேன் படம் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறு யாராவது திறந்து எஸ்எஸ்டி மாட்டினால் அவருக்கு உதவும்.

அந்தப் படத்தில் ஒரு கோட்டை மட்டும் பென்சிலால் போட்டிருக்கிறேன். நண்பர் யுஎஸ்பி4-ஐ ஒரு நாளும் பயன்படுத்துவதில்லை. பயாஸில் அதை அணைத்துவிட்டால், ப்ராசஸரிலிருந்து அதற்குப் போகும் நான்கு லேன் வேறு எந்த ஸ்லாட்டுக்காவது திரும்புமா, அல்லது அப்படியே வீணாகுமா? முழு மேனுவலையும் படித்துவிட்டேன், இதற்குப் பதில் இல்லை. உங்களில் அந்தப் போர்டை வரைந்தவர் இதைப் படித்தால், அந்த ஒரு கோட்டுக்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள். பேனாவால் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து, உங்கள் போர்டுகளைப் பூட்டுகிற ஒருவன்